குற்றாலக் குரங்குகளும் வீரகேரளம்புதூர் வாத்தும்

தமிழ் தெரியும் என்ற ஒரே தகுதிக்காக என்னைத் தென்காசிக்கு அனுப்பினார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கோலாலம்பூரில் ஒரு கிருமி ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், பயிற்சிக்காக இந்தியாவில் ஒரு பெரிய ஆய்வகத்துக்கு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் மலேயாக் காட்டு உண்ணிகளில் ஒரு வைரஸ் உண்டு. கர்நாடகக் காடுகளில் குரங்குகளைக் கொன்று, விறகு பொறுக்கப் போகிறவர்களையும் படுக்கையில் தள்ளும் குரங்குக் காய்ச்சல் வைரஸும் உண்ணியில்தான் குடியிருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பம். கூடப் பிறந்தவையா, ஒன்றுவிட்டவையா, தூரத்துப் பங்காளிகளா என்று பார்ப்பதுதான் என் பயிற்சி.

மே மாதக் கடைசியில், குற்றால மலையில் குரங்குகள் செத்துக் கிடப்பதாகவும், அவற்றைத் தொட்டுப் புதைத்த ஓர் ஆளுக்குக் காய்ச்சல் கண்டிருப்பதாகவும் ஆய்வகத்துக்குத் தகவல் வந்தது. "உன் ஊர்தானே, நீ போய் வா" என்றார் என் மேலதிகாரி. அவர் வங்காளி. தமிழ் பேசுகிறவர்களுக்கு ராமேஸ்வரம் முதல் மலேசியாவின் ஈப்போ வரை எல்லாம் ஒரே ஊர் என்று நினைத்திருந்தார். நான் திருத்தவில்லை. அருவியில் குளிக்கலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது.

தென்காசி ஸ்டேஷனில் காலையில் இறங்கியதும் காற்று என் குடையைப் பிடுங்கிப் பார்த்தது. ஒரு கையில் குடை, மறு கையில் ஐஸ் நிரப்பிய பெரிய பிளாஸ்க், தோளில் பை. பிளாஸ்க்கில் சோதனைக்கான சரக்கு இருந்தது: கர்நாடக வைரஸிலிருந்தும் மலேயா வைரஸிலிருந்தும் எடுத்து, உயிரை நீக்கிப் பதப்படுத்திய திரவங்கள். அதை வாங்கிக்கொள்ள ஜீப் டிரைவர் மைதீன் ஓடி வந்தார். கடையநல்லூர்க்காரர். அவருடைய முதல் கேள்வியே என்னை நிறுத்திவிட்டது.

"பசியாறிட்டீங்களா மேடம்?"

காலைச் சாப்பாட்டுக்கு மலேசியாவில் நாங்கள் சொல்லும் சொல் அது. இந்தியாவுக்கு வந்த பிறகு ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை. அதைச் சொன்னேன். "எங்க வீடுகள்ல அப்படித்தான் சொல்லுவோம். எங்க அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காவ. பாதிக் கடையநல்லூர் அங்கனதான கெடக்கு" என்றார். எனக்குப் பசி வந்தால் கோபம் வரும், கோபம் வந்தால் ஆங்கிலம் வரும். அதனால் வேறு எதற்கும் முன்னால் ஓட்டலுக்குப் போனோம்.

இட்லிக்கு மிளகாய்ப் பொடியில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தந்தார்கள். காப்பி மட்டும் எங்கள் ஊர்க் கோப்பிக்கு முன்னால் நிற்காது. எங்கள் கோப்பியில் ஸ்பூன் நட்டால் நிற்கும். கல்லாவில் இருந்த அண்ணாச்சி நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"யம்மா, உங்களுக்குப் பூர்வீகம் எது?"

"தாத்தா ஆலங்குளம் பக்கம்னு சொல்வாங்க."

"யாரு குடும்பம்?"

"தெரியாதுங்க."

அவர் எழுந்து வந்து என் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தார். "மூக்கப் பாத்தா நம்ம அருணாசலத்துப் பேத்தி மாதிரில்லா இருக்கு. அவரும் கப்பலேறிப் போனவர்தான்." என் தாத்தா பெயர் வேலு என்றேன். அவர் அசரவில்லை. "அப்போ அருணாசலத்துக்குத் தம்பியா இருக்கும். குடும்பம் அதுதான். மூக்கு பொய் சொல்லாது."

காய்ச்சல்காரர் இருந்தது ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில். அதை நடத்திய டாக்டர் பொன்னம்பலம் என்னைவிட இளையவர், என்னைவிடப் பயந்திருந்தார். "சீசன் தொடங்கப்போகுது மேடம். குரங்குக் காய்ச்சல்னு ஒரு வார்த்த வெளிய போனா அருவிக்கு ஒரு ஆள் வராது. லாட்ஜ்காரங்க, கடைக்காரங்க எல்லாரும் தினம் வந்து நிக்காங்க. எனக்கு ஒரே பதில் வேணும். யெஸ்ஸா, நோவா?"

காய்ச்சல்காரரைக் கொல்லைப்புற அறையில் தனியாகப் போட்டிருந்தார்கள். பெயர் சுடலைமுத்து. குற்றால மலையடிவாரத்தில் ஒரு பழத்தோட்டத்துக் காவல்காரர். மா, ரம்புத்தான், மங்குஸ்தான் எல்லாம் உள்ள தோட்டம். ரம்புத்தான் இந்த ஊரில் விளைகிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்கள் எங்கள் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து நட்டதாம். குரங்குகளை விரட்டுவதுதான் அவருடைய வேலை. ஆனால் இங்கே செத்த குரங்கைச் சும்மா விடுவதில்லை. குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, புதுத் துணி போர்த்தி, மாலை போட்டு, மேளத்தோடு தூக்கிப்போய்ப் புதைக்கிறார்கள். முதல் குரங்குக்குத் தன் தெருவில் மகன் இடத்தில் நின்று பிள்ளை முறை செய்து, முதல் கைப்பிடி மண் போட்டவர் சுடலைமுத்துதான். சில நாளில் அவருக்குக் காய்ச்சல்.

கண்கள் சிவந்து, உடம்பு முறித்துப் போட்டதுபோல் கிடந்தார். நான் ரத்தம் எடுத்து முடித்ததும், வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"யம்மா, குரங்கு எதுல செத்துச்சுன்னு உங்க மெசின்ல தெரியுமா?"

"காய்ச்சல்தானான்னு பார்க்கத்தான் வந்திருக்கேன்."

"காய்ச்சலாத்தான் இருக்கணும்னு திருமலை முருகனுக்கு மொட்ட நேந்திருக்கேன்" என்றார். எனக்குப் புரியவில்லை. காய்ச்சல் என்றால் அவருக்குத்தானே ஆபத்து? அதையே கேட்டேன்.

"மொதலாளி ஒரு மருந்து குடுத்தாரும்மா. பூச்சி மருந்து. ஓரத்து மாமரம் எல்லாத்துலயும் கட்டியாக் கலக்கி அடி, ருசி கெட்டுப்போனா குரங்கு அண்டாதுன்னாரு. அடிச்சேன். அதுக்குப் பெறவுதான் ஒண்ணொண்ணா விழுது. அதுக காய்ச்சல்ல செத்துருந்தா எனக்கும் அந்தக் காய்ச்சல், அதோட போச்சு. மருந்துல செத்துருந்தா கொன்னது நான்லா? கொன்னவனே மாலயும் போட்டு, பிள்ள மாதிரி மண்ணும் போட்டுருக்கேன். வீட்ல சொல்லிராதீங்க."

வெளியே வேப்பமரத்தடி சிமெண்டுப் பெஞ்சில் அவர் மனைவி இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "குரங்குக் காச்சல் இல்லேன்னு மட்டும் சொல்லிருங்க டாக்டரம்மா. இல்லேன்னு வந்தா திருமலை முருகனுக்கு மொட்ட போடுதேன்னு நேந்திருக்கேன்." நான் டாக்டரே இல்லை. ஒரே முருகனிடம் புருஷன் ஒன்றைக் கேட்டிருக்கிறார், பெண்டாட்டி அதற்கு நேர் எதிரானதைக் கேட்டிருக்கிறாள். நடுவில் நான் ஒரு பிளாஸ்க்கோடு நின்றேன்.

மறுநாள் காலை காட்டில் உண்ணி பிடிக்கப் போனோம். அதற்கு வலை, கூண்டு எதுவும் வேண்டாம். வெள்ளைக் கம்பளித் துணியைக் கோலில் கட்டித் தரையோடு இழுத்துக்கொண்டு நடந்தால் சருகில் காத்திருக்கும் உண்ணிகள் அதில் தொற்றிக்கொள்ளும். நான் ஒரு முனையும் மைதீன் ஒரு முனையுமாக இழுத்துப் போனபோது, விறகுக் கட்டோடு இறங்கி வந்த பெண்கள் சட்டென்று ஒதுங்கி நின்றார்கள். "சாமி வருதா, மாத்து விரிக்காங்க?" என்று ஒருத்தி கேட்பது காதில் விழுந்தது. சாமி ஊர்வலம் வரும் வழியில் வெள்ளைத் துணி விரிக்கும் வழக்கம் உண்டாம். "சாமி இல்ல, உண்ணி" என்றார் மைதீன். "உண்ணிக்கா மாத்து விரிக்கிய?" என்று சிரித்துவிட்டு, என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள்.

பிற்பகலில்தான் உண்மையான வேட்டை. என் சோதனைக்கு வாத்து ரத்தம் வேண்டும். இந்தப் பக்கத்து வயல்களில் கூட்டமாக மேயும் நாட்டு வாத்து உதவாது. நீளக் கழுத்தும் வெள்ளை உடம்புமாக, வீட்டு வாசலில் நாய்க்குப் பதில் வளர்ப்பார்களே, அந்தப் பெரிய வாத்து வேண்டும். அதுவும் ஆண். முட்டையிடுகிற வாத்தின் ரத்தம் சோதனையைக் குழப்பிவிடும். நான் வேலை பார்த்த ஆய்வகங்களில் இதற்கென்றே வாத்து வளர்த்தார்கள். தென்காசியில் யாரிடம் கேட்டாலும் கறிக்கா என்று கேட்டார்கள்.

கடைசியில் வீரகேரளம்புதூர்ப் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் இருப்பதாகத் தகவல் கிடைத்தது. ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு ஒருவருடைய வீடு. ஊரே அவரை ஏட்டையா என்றது. வழியில் ஜீப்பின் விசிறி பெல்ட் அறுந்தது. மைதீன் தென்னை ஓலையைப் பார்த்தார், என் துப்பட்டாவைப் பார்த்தார். நான் முறைத்த முறைப்பில் தன் துண்டையே முறுக்கிக் கட்டி ஓட்டினார். தோப்பு வாசலில் இறங்கி நான் காலை ஊன்றுவதற்குள் வாத்து வந்துவிட்டது. கழுத்தைத் தரையோடு நீட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, நேராக என் முட்டிக்கு. நான் ஜீப் பானெட்டில் ஏறிக்கொண்டேன். மைதீன் ஜீப்புக்குள்ளிருந்து இறங்கவே இல்லை.

ஏட்டையா நிதானமாக வந்தார். "யாரு வந்தாலும் விசாரிக்காம விடமாட்டான். என்ன சோலியா வந்திய?"

"இவன் ரத்தம் கொஞ்சம் வேணுங்க."

முப்பது வருஷம் போலீஸில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் சுடலைமுத்து கதையைச் சொன்னேன். மருந்து விஷயத்தைச் சொல்லவில்லை. "நம்ம சுடலமுத்துவா? எங்க தோப்புல தேங்கா வெட்டுன பயல்லா" என்றவர், வாத்தை அள்ளிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "ஏலே, சும்மா கெட. ஒரு ஆளுக்கு ஆவத்து." வாத்து ஏட்டையாவின் சட்டைப் பையைக் கொத்திக்கொண்டிருக்க, நான் இறக்கையைப் பிரித்து ரத்தம் எடுத்தேன். போகும்போது கூட்டாஞ்சோறு போட்டுத்தான் அனுப்பினார்கள். முருங்கைக் கீரையும் கத்தரிக்காயும் போட்டுக் குழைத்த அந்தச் சோற்றை இன்றைக்கும் நினைத்தால் வாய் ஊறும். திரும்பும் வழியெல்லாம் மைதீன் சிங்கப்பூரில் வாத்து எப்படிச் சமைப்பார்கள் என்று அண்ணன் எழுதியதைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன்.

மூன்றாம் நாள் மருத்துவமனையிலேயே சோதனை. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில், சுடலைமுத்துவின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரோடு வைரஸ் திரவத்தையும் வாத்தின் சிவப்பணுக்களையும் சேர்க்க வேண்டும். அணுக்கள் குழியின் அடியில் சிவப்புப் பொட்டாகத் திரண்டால், அந்த ஆளின் ரத்தம் இந்த வைரஸை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. பாய் விரித்ததுபோலப் பரவினால் சந்திக்கவில்லை. மேல் வரிசை கர்நாடக வைரஸ், கீழ் வரிசை மலேயா வைரஸ்.

இரண்டு வரிசையிலும் பொட்டு.

டாக்டர் பொன்னம்பலம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ யெஸ்."

"அவசரப்படாதீங்க. சுடலைமுத்து மலேயாவுக்குப் போயிருக்கிறாரா என்ன? கீழ் வரிசையில் ஏன் பொட்டு விழணும்? இந்தச் சோதனைக்குக் குடும்பம்தான் தெரியும், ஆள் தெரியாது" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் நின்ற கம்பவுண்டரைக் காணவில்லை. டீக்கடைக்குப் போயிருந்தார். நான் டீ குடிக்கப் போவதற்குள் செய்தி குற்றாலத்துக்கே போய்விட்டது. அங்கிருந்து ஒரு ஆள் ஓடி வந்து, சுடலைமுத்துவின் தெருவில் இசக்கியை அடிபம்பில் தண்ணீர் பிடிக்க விடவில்லை என்றான். அவள் காலிக் குடத்தோடு தெருமுனையில் நிற்கிறாளாம்.

அன்று மதியம் நான் சாப்பிட்டிருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் கையில் நானே ஊசி போட்டு ரத்தம் எடுத்தேன். அதைச் சுழற்றித் தெளியவைத்து, அதே தட்டில் அடுத்த குழிகளில் விட்டேன். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் கோலாலம்பூரில் எனக்கு டெங்கி வந்து எலும்பெல்லாம் உடைந்ததுபோலக் கிடந்திருக்கிறேன். நீங்கள் டெங்கு என்பது. அது கொசு தரும் காய்ச்சல்தான், ஆனால் அந்த வைரஸும் இதே பெருங்குடும்பத்தில் ஒரு தூரத்துப் பங்காளி. என் குழிகளிலும் பொட்டு விழுந்தது. தட்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா ஓட்டுங்க, குலுங்கினா கொன்னுடுவேன்" என்று மைதீனிடம் சொல்லிவிட்டு ஏறினேன். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாக ஓட்டியிருக்கமாட்டார்.

அடிபம்பைச் சுற்றி நல்ல கூட்டம். தட்டைக் காட்டினேன். "இது சுடலைமுத்து ரத்தம். இது என் ரத்தம். ரெண்டிலும் பொட்டு. நானும் உங்க ஊர்த் தண்ணியைத்தான் மூணு நாளா குடிக்கிறேன். என்னையும் நிறுத்துங்க."

"அப்போ உங்களுக்கும் குரங்குக் காச்சலா?" என்று ஒருத்தி பின்வாங்கினாள். பெயர் பகவதி, அந்தப் பம்புக்கு அவள்தான் அதிகாரி என்று பார்த்தாலே தெரிந்தது.

ஓட்டல் அண்ணாச்சி என் மூக்கைப் பார்த்து அருணாசலத்துப் பேத்தி என்று சொன்ன கதையைச் சொன்னேன். இந்தச் சோதனையும் மூக்கைப் பார்க்கிற சோதனைதான் என்றேன். எனக்குச் சின்ன வயதில் வந்தது வேறு காய்ச்சல், அதே குடும்பத்து மூக்கு. சுடலைமுத்துவுக்கு வந்தது எது என்று பெரிய ஆய்வகத்தில் பார்த்தால்தான் தெரியும். குரங்குக் காய்ச்சலாகவே இருந்தாலும் ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, உண்ணி கடித்தால்தான் வரும் என்றும் சொன்னேன்.

பகவதி கொஞ்ச நேரம் என் மூக்கையே பார்த்தாள். "அப்போ மூக்க வச்சு ஆளத் தப்பாச் சொல்லிட்டாவ. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்."

"ஏட்டி இசக்கி, கொடத்தக் கொண்டா. அங்கன என்ன வேடிக்க?" என்று பகவதியே பம்பை அடிக்கத் தொடங்கினாள். இசக்கி குடத்தை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. தட்டு குலுங்குகிறது என்று அதட்டிச் சமாளித்தேன்.

நான்காம் நாள் காலையில் தோட்டத்து ஓரத்தில் இன்னொரு குரங்கு செத்துக் கிடந்தது. எனக்கு வேண்டியது அதுதான். ஆனால் நாங்கள் போவதற்குள் தெருக்காரர்கள் கூடிவிட்டார்கள். மஞ்சள் வந்துவிட்டது, மேளக்காரருக்கு ஆள் போயிருந்தது. அறுத்துப் பார்க்க வேண்டும் என்றதும் எல்லார் முகமும் இறுகிவிட்டது. தெருப் பெரியவர் ஒருவர் மட்டும் யோசித்துச் சொன்னார். "பிள்ள மொற செஞ்சவன் சுடலமுத்து. அவன் சரின்னா நாங்க ஒண்ணுஞ் சொல்லமாட்டோம். அவன் வேண்டாம்னா நீங்க தொடக் கூடாது."

ஜீப் தென்காசிக்குப் பறந்தது. அறைக்குள் இசக்கி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். சுடலைமுத்து தலையணையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். ஒரு வார்த்தை போதும், யாரும் எப்போதும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

"அறுத்துப் பாருங்க. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியணும்" என்றார். "ஆனா கிழிச்சதத் தச்சுக் குடுத்துருங்க. கிழிஞ்ச உடம்ப மண்ணுக்குள்ள வைக்கக் கூடாது."

"இவிய ஏன் இப்படிப் பேசுதாவ?" என்றாள் இசக்கி என்னிடம். அவர் அவள் பக்கம் திரும்பி, மருந்து அடித்த கதையை அப்போது தானே சொன்னார். கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள், பிறகு எடுத்து மறுபடி ஊட்டினாள்.

தோட்டத்துக் கொட்டகையில் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு வேலையை முடித்தேன். மூளை, ஈரல், மண்ணீரல் எல்லாவற்றிலும் கொஞ்சம் ஐஸுக்குப் போயிற்று. இரைப்பை நிறைய மாங்காயும் மாம்பழமும். அதைத் திறந்ததும் ஒரு வாடை தூக்கியது. ஆனால் மூக்கை நம்பி முடிவு சொல்லக் கூடாது என்று முந்தின நாள்தான் ஊருக்கே உபதேசம் செய்திருந்தேன். அதையும் பாட்டிலில் அடைத்தேன். பிறகு தைத்தேன். என் தையல் என் அம்மா என்றைக்கும் மெச்சாத தையல். அன்று மட்டும் ஒழுங்காக வந்தது. மேளத்தோடு தூக்கிப் போனார்கள். மைதீனும் தெருமுனை வரைக்கும் கூடவே நடந்தார்.

அருவியில் தண்ணீர் இன்னும் விழவில்லை. பாறைதான் நின்றது. குளிக்காமலே கிளம்பினேன்.

ரயிலில் பிளாஸ்க்கைச் சுற்றித் தண்ணீர் கசிய ஆரம்பித்ததும் எதிர் சீட்டுக்காரர் "மீனா?" என்றார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் பெட்டியே காலியாகியிருக்கும். ஒரு ஸ்டேஷனில் ஐஸுக்காக இறங்கி ஓடினேன். நன்னாரி சர்பத் விற்றவர், தன் மரப்பெட்டியிலிருந்த கட்டியை உடைத்துப் பாதியைக் கொடுத்தார். ரயில் நகர்ந்த பிறகுதான் ஏறினேன். எதிர் சீட்டுக்காரர் அந்த மீன் என்ன மீன் என்று ஊர் வரைக்கும் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஆய்வகத்தில் சுடலைமுத்துவின் ரத்தத்திலிருந்து வைரஸை வளர்த்தார்கள். அப்போது எங்களிடம் இருந்த புதிய வித்தை கைரேகை பார்ப்பது. வைரஸின் மரபுப் பொருளைக் கத்தரித்துத் துண்டுகளைப் பரப்பிப் படம் எடுத்தால் கறுப்புப் புள்ளிகளாக விழும். மூக்கு ஒத்துப்போகலாம், புள்ளிகள் அவ்வளவு சுலபமாக ஒத்துப்போகாது. கர்நாடக வைரஸ் படத்தையும் மலேயாப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சுடலைமுத்துவின் படம் இரண்டோடும் சேரவில்லை. டெங்கிப் படங்களோடுதான் சேர்ந்தது. என் பழைய காய்ச்சலும் அவருடைய காய்ச்சலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். குரங்கின் மூளையிலும் ஈரலிலும் வைரஸ் எதுவும் இல்லை. காட்டு உண்ணிகளிலும் ஒன்றும் கிடைக்கவில்லை. இரைப்பையை விஷம் பார்க்கிறவர்களிடம் கொடுத்திருந்தோம். அவர்களுடைய பதிலும் வந்தது.

தென்காசிக்கு டிரங்க் கால் போட்டேன். டாக்டர் பொன்னம்பலம் சுடலைமுத்துவையும் இசக்கியையும் வரவழைத்து வைத்திருந்தார். குரங்குக் காய்ச்சல் இல்லை என்றதும் அந்தப் பக்கம் இசக்கி முருகனைக் கூப்பிட்டு அழும் சத்தம் கேட்டது. பிறகு போன் கை மாறியது.

"நான் சுடலமுத்து பேசுதேன். குரங்கு எதுலம்மா செத்துச்சு?"

பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. காய்ச்சல்தான் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆய்வக அறிக்கையை அவர் படிக்கப்போவதும் இல்லை. ஆனால் காய்ச்சலில் எழுந்து உட்கார்ந்து அறுத்துப் பாருங்கள் என்றவர் அவர்.

"மருந்துதான்" என்றேன்.

"சரிம்மா" என்று வைத்துவிட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஆகஸ்டில் பயிற்சி முடிந்து மலேசியா திரும்புவதற்கு முன், யாரும் அனுப்பாமலே தென்காசிக்குப் போனேன். சாரல் முகத்தில் அடித்தது. மைதீன் "பசியாறிட்டீங்களா?" என்றார். அருவியில் இந்தத் தடவை தண்ணீர் முதுகில் கட்டை கொண்டு அடித்ததுபோல விழுந்தது. எங்கள் ஊர் அருவிகளில் குளிக்கலாம், குற்றாலத்தில் அடி வாங்கலாம். எனக்கு அடிதான் பிடித்தது.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் தென்னை ஓலைக் கூரை போட்ட சின்னப் பழக்கடையில் இசக்கி இருந்தாள். தலையில் அரை விரல் முடி. பக்கத்தில் சுடலைமுத்து, அவர் தலையிலும் அதே அளவு. தோட்டத்து வேலையை விட்டுவிட்டாராம். இசக்கியின் மொட்டை எனக்குப் புரிந்தது, அவளுடைய வேண்டுதல் பலித்துவிட்டது. அவரைப் பார்த்து, "உங்க வேண்டுதல்தான் பலிக்கலையே, நீங்க ஏன் மொட்டை போட்டீங்க?" என்றேன்.

"இது முருகனுக்குப் போட்டது இல்லம்மா. அதுகளுக்குப் போட்டது" என்றார். வீட்டில் சாவு விழுந்தால் பிள்ளை போடுகிற மொட்டை.

இசக்கி ஒரு கொத்து ரம்புத்தானை என் கையில் வைத்தாள். எங்கள் ஊர்ப் பழம். கடல் கடந்து வந்து இந்தக் காற்றில் கொஞ்சம் புளிப்பேறியிருந்தது. இரண்டாவதை உரிப்பதற்குள் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கிக் கொத்தையே பிடுங்கிக்கொண்டு ஏறிவிட்டது. இசக்கி கம்பைத் தூக்கினாள். சுடலைமுத்து அவள் கையைப் பிடித்தார்.

"விடுட்டி. போன தடவ அதுக கேக்காமலே நான் குடுத்தேன். இந்தத் தடவ அதுகளே எடுத்துக்கிடட்டும்."

இசக்கி கம்பைக் கீழே போட்டாள். குரங்கு கூரை விளிம்பில் உட்கார்ந்து என் பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. தோல்கள் ஒவ்வொன்றாகச் சுடலைமுத்துவின் தலையில் விழுந்தன. அவர் நகரவில்லை.